இரண்டு மருந்தும் தனித்தனியே வேலை செய்தால், சேர்த்துக் கொடுக்க எதற்குச் சோதனை?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. அப்பாவுக்கு 61 வயது, கன்னத்தின் உள்பக்கம் வந்த புற்றுநோய், ஆபரேஷனும் ரேடியேஷனும் முடிந்து எட்டு மாதத்தில் கழுத்தில் திரும்ப வந்துவிட்டது, இனி அறுவை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது டாக்டர் ஒரு ட்ரயலில் சேரலாமா என்று கேட்டிருக்கிறார். ஒரு பக்கம் ஒரு மருந்து, மறுபக்கம் அதோடு இன்னொரு மருந்தும் சேர்த்து, எந்தப் பக்கம் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். "இரண்டுமே கேன்சருக்கு வேலை செய்கிற மருந்து என்றால் எல்லாருக்கும் சேர்த்தே கொடுத்துவிடலாமே, எதற்குக் குலுக்கல், அப்பாவைச் சோதனை எலி ஆக்குகிறார்களா" என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே தெரியும் கேள்வி அது. அதற்கு அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: குலுக்கலில் அப்பா குறைவான பக்கத்தில் விழுந்துவிட்டால், கிடைக்கவேண்டியதை நாமே கெடுத்துவிட்டோமே என்று ஆயுசுக்கும் உறுத்தும் என்ற பயம். இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. பதினாறு வருடமாகப் புற்றுநோய் மருத்துவமனைகளில் ட்ரயல் கோஆர்டினேட்டராக இருக்கிறேன். சம்மதப் படிவத்தை நோயாளிக்கும் வீட்டாருக்கும் வரி வரியாக விளக்குவது, ஸ்கேன் தேதி தவறாமல் பார்ப்பது, பக்கவிளைவுகளைக் குறித்து அனுப்புவது என் வேலை. அதில் பாதிக்கு மேல் தலை, கழுத்துப் புற்றுநோய்தான். அப்பாவின் ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை, அதனால் சேருங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல மாட்டேன். எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

சேர்த்தால் கூடும் என்பது ஏன் தானாக உண்மையாகிவிடாது என்பதற்கு இந்த நோயிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. செட்டுக்ஸிமாப் என்று ஒரு ஊசி மருந்து. இந்த வகைப் புற்றுநோய் செல்களின் மேல் இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பி நிறைய இருக்கும், அதைப் போய் அடைக்கிற மருந்து. 2006-ல் வந்த ஆய்வில் 424 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு ரேடியேஷன் மட்டும், மறுபக்கத்துக்கு ரேடியேஷனோடு இந்த ஊசி. இடைநிலை ஆயுள் 29.3 மாதத்திலிருந்து 49 மாதமாக ஏறியது. (இடைநிலை என்றால் அத்தனை பேரையும் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்ற வரிசையில் நிறுத்தி, நட்டநடுவில் இருப்பவருடைய கணக்கு. பாதிப் பேர் அதைவிடக் குறைவாக, பாதிப் பேர் அதைவிட அதிகமாக. இனி வரும் மாதக் கணக்கையெல்லாம் இப்படித்தான் படிக்க வேண்டும், அப்பாவுக்கு இத்தனை மாதம் என்று யாரும் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.) ரேடியேஷனோடு சிஸ்பிளாட்டின் கீமோ சேர்த்தால் பலன் உண்டு என்பதும் அதற்கு முன்பே தெரிந்த விஷயம். அப்படியென்றால் மூன்றையும் சேர்த்தால் இன்னும் நல்லதுதானே? யாருக்கும் அப்படித்தான் தோன்றும், எனக்கும் அன்றைக்குத் தோன்றியது. ஆர்.டி.ஓ.ஜி. 0522 என்ற ஆய்வில் 891 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2014-ல் முடிவு வெளியானது. ஆயுள் கூடவில்லை. வாய்ப்புண்ணும் தோல் பாதிப்பும்தான் கூடின. அந்த ஆய்வைச் செய்யாமல் "சேர்த்தே கொடுத்துவிடலாம்" என்று கொடுத்திருந்தால், விலை கூடிய ஒரு மருந்தை வாங்கி, கூடுதல் புண்ணோடு, ஒரு நாள்கூட அதிகமாகக் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானவர்கள் கஷ்டப்பட்டிருப்பார்கள்.

ஏன் கூடுவதில்லை என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. சில சமயம் இரண்டு மருந்தும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஒரு வாசலுக்கு இரண்டு பூட்டுப் போட்ட மாதிரி. சில சமயம் பக்கவிளைவு சேர்ந்து அமுக்குகிறது. வாய், தொண்டைப் புற்றுநோயில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் நோயாளி ஏற்கெனவே விழுங்க முடியாமல், எடை குறைந்து, பாதிப் பேர் மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்தால் அடுத்த ஊசி தள்ளிப்போகும், அளவு குறையும், கடைசியில் புது மருந்து கொடுத்த நன்மையைப் பழைய மருந்து குறைந்ததன் கெடுதல் தின்றுவிடும். காகிதத்தில் இரண்டு மருந்து, உடம்புக்குள் போனது ஒன்றரை.

இன்னொரு காரணம் கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் புரிந்துகொண்டால் நிறைய விஷயம் தெளிவாகும். 2017-ல் ஆடம் பால்மர், பீட்டர் சோர்கர் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய ட்ரயல்களின் தரவை எடுத்து அலசினார்கள். கூட்டு மருந்து பலன் தந்ததாகச் சொல்லப்பட்ட பல இடங்களில், மருந்துகள் ஒன்றுக்கொன்று கைகொடுத்ததற்கு ஆதாரம் இல்லை. கணக்கு இப்படி: ஒரு மருந்து நூறில் 30 பேருக்குக் கேட்கிறது, யாருக்கு என்று முன்கூட்டித் தெரியாது. இன்னொரு மருந்தும் 30 பேருக்கு, அதுவும் யாருக்கு என்று தெரியாது. இரண்டையும் எல்லாருக்கும் கொடுத்தால், இரண்டில் ஒன்றாவது கேட்பவர்கள் 51 பேர் ஆகிவிடுவார்கள். பார்ப்பதற்குப் பிரமாதமான கூட்டணி. ஆனால் அதில் பெரும்பாலானவர்கள் ஒரு மருந்தால் மட்டும் பலன் பெற்று, மற்றதன் பக்கவிளைவைச் சும்மா சுமந்தவர்கள். அப்படியானால் சேர்த்துக் கொடுப்பதும், முதலில் ஒன்று, கேட்கவில்லை என்றால் அடுத்தது என்று கொடுப்பதும் சிலருக்கு ஒன்றேதான். ஆனால் இந்த நோய் வேகமாக ஓடக்கூடியது, "அடுத்தது" என்பதற்கு நேரமே இல்லாமல் போகலாம். அங்கேதான் சேர்த்துக் கொடுப்பதற்கு நியாயம் வருகிறது. இதைக் கூட்டல் கணக்கால் தீர்க்க முடியாது, மனிதர்களிடம் ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சரி, எப்படிப் பார்க்கிறார்கள்? முதல் கட்டத்தில் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கூட்டை உடம்பு தாங்குமா, எந்த அளவில் தாங்கும். பழைய முறையில் மூன்று பேருக்குக் கொடுப்பார்கள். யாருக்கும் கடுமையான பாதிப்பு இல்லையென்றால் அடுத்த மூன்று பேருக்கு அளவைக் கூட்டுவார்கள். ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூன்று பேர். ஆறு பேரில் இரண்டு பேருக்கு வந்தால் அதோடு நிறுத்தி, கீழே இறங்குவார்கள். இந்தக் கட்டத்தில் பலனைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். இரண்டாம் கட்டம் சில பத்துப் பேர், சமயத்தில் நூறு சொச்சம், கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பது. மூன்றாம் கட்டம்தான் நூற்றுக்கணக்கான பேர், இரண்டு பக்கம், குலுக்கல். உங்கள் டாக்டர் சொன்னது எந்தக் கட்டம் என்று முதலில் கேளுங்கள்.

இரண்டாம் கட்டத்தின் முடிவைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதை எங்கள் துறைக்கு மறக்க முடியாதபடி சொல்லிக்கொடுத்தது ஸெவினபான்ட் என்ற மருந்து. செல் தானாக மடிவதைத் தடுக்கும் புரதங்களை முடக்கி, ரேடியேஷனும் சிஸ்பிளாட்டினும் செல்லைச் சாகடிப்பதைச் சுலபமாக்கும் என்பது யோசனை. யோசனை அழகானது, விலங்குகளில் வேலை செய்தது. இரண்டாம் கட்டத்தில் 96 பேர், குலுக்கல் முறையில், ஒரு பக்கம் பிளேஸ்போ, அதாவது மருந்தே இல்லாத போலி. ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மருந்துப் பக்கம் 53 சதவீதம், பிளேஸ்போ பக்கம் 28 சதவீதம். இந்த நோயில் அப்படி ஒரு வித்தியாசத்தை யாரும் பார்த்ததில்லை. அந்த எண்களைப் படித்த அன்று, எங்கள் நோயாளிகளுக்கு இது எப்போது கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். பிறகு 730 பேரை வைத்து மூன்றாம் கட்டம், ட்ரைலிங்க்ஸ் என்று பெயர். 2024 ஜூனில் இடைக்காலக் கணக்கைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். பலன் இல்லை என்பது மட்டுமல்ல, முழு விவரம் வெளியானபோது மருந்து வாங்கிய பக்கம்தான் மோசமாக இருந்தது. முதல் ஆய்வில் யாரும் பொய் சொல்லவில்லை. 96 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, பிரிந்து விழுந்தது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடலாம், அவ்வளவுதான். அந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிளேஸ்போ பக்கம் விழுந்தவர்களின் வீட்டில் அன்றைக்கு எவ்வளவு வருத்தப்பட்டிருப்பார்கள். நல்ல பக்கத்தில் விழுந்தவர்கள் அவர்கள்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

கட்டி சுருங்குவதையும் ஆயுளையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது, இதை வீட்டார்களிடம் நான் அடிக்கடி சொல்வேன். ஸ்கேனில் கட்டியின் அளவு முப்பது சதவீதமாவது குறைந்தால் "பலன் தந்தது" என்று குறிப்போம், இருபது சதவீதம் கூடினால் "முற்றியது". இது அளக்கச் சுலபம், சீக்கிரம் தெரியும், அதனால் எல்லாரும் இதைப் பேசுவார்கள். பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபியோடு (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்து) லென்வாடினிப் மாத்திரையைச் சேர்த்த லீப்-010 ஆய்வைப் பாருங்கள். சேர்த்து வாங்கியவர்களில் சுமார் 46 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, பெம்ப்ரோலிசுமாப் மட்டும் வாங்கியவர்களில் சுமார் 25 சதவீதம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆயுள்? சேர்த்த பக்கம் 15 மாதம், தனிப் பக்கம் 17.9 மாதம். அந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்றும் சொல்லலாம், ஆனால் கூடவில்லை என்பது நிச்சயம். ஆனாலும் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. கழுத்தில் கட்டி புண்ணாகி, நாற்றமும் ரத்தக்கசிவுமாக இருக்கிறவருக்கு, மூச்சுக்குழாயை அழுத்துகிறவருக்கு, கட்டி நாலு வாரத்தில் சுருங்குவதே பெரிய நிம்மதி. ஆகவே சுருங்குவது வீண் என்று சொல்லவில்லை. எதற்காகச் சுருக்குகிறோம் என்று தெரிந்து சுருக்க வேண்டும்.

இப்போது உங்கள் அப்பாவின் நிலைக்கு நேராக வரும் ஆய்வுகள். திரும்ப வந்த அல்லது பரவிய நோய்க்கு 2008 முதல் உலக அளவில் வழக்கமாக இருந்தது பிளாட்டினமும் (சிஸ்பிளாட்டின் அந்த வகைதான்) 5-எஃப்.யூ. கீமோவும் செட்டுக்ஸிமாபும் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டு. 442 பேரிடம் நடந்த எக்ஸ்ட்ரீம் ஆய்வில் கீமோ மட்டும் 7.4 மாதம், செட்டுக்ஸிமாப் சேர்த்தால் 10.1 மாதம். 2019-ல் கீநோட்-048 வந்து அதை மாற்றியது. 882 பேர், மூன்று பக்கம்: பெம்ப்ரோலிசுமாப் மட்டும், பெம்ப்ரோலிசுமாபோடு கீமோ, பழைய மூன்று மருந்துக் கூட்டு. கீமோவோடு சேர்த்தவர்களுக்கு 13 மாதம், பழைய கூட்டுக்கு 10.7. தனியாக வாங்கியவர்களில், கட்டித் திசுவில் பி.டி.எல்.-1 மதிப்பெண் (இம்யூனோதெரபி கேட்க வாய்ப்பு எப்படி என்று கணிக்கப் பார்க்கிற ஒரு புரதத்தின் அளவு) 20 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு 14.9 மாதம், ஒப்பிட்ட பக்கம் 10.7. தனியாகக் கொடுத்தால் கட்டி சுருங்குகிறவர்கள் குறைவு, ஆனால் சுருங்கியவர்களுக்கு அது நிலைத்து நிற்கிறது: மதிப்பெண் 1 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களில் இடைநிலைக் கணக்கு 20 மாதத்துக்கு மேல், பழைய கூட்டில் நாலரை மாதம்தான்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. பெம்ப்ரோலிசுமாப் தனியாகக் கொடுப்பது நல்லதா, கீமோவோடு கொடுப்பது நல்லதா? இரண்டு பக்கத்தையும் பழைய கூட்டோடு ஒப்பிட்டார்களே தவிர, ஒன்றோடொன்று ஒப்பிட அந்த ஆய்வு வடிவமைக்கப்படவே இல்லை. அதனால் டாக்டர்கள் அனுபவத்தை வைத்து முடிவெடுக்கிறார்கள்: கட்டி பெரிது, தொந்தரவு அதிகம், மதிப்பெண் குறைவு என்றால் கீமோவும் சேர்த்து, கட்டி சிறிது, மதிப்பெண் அதிகம் என்றால் தனியாக. நியாயமான வழிதான், ஆனால் நிரூபிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. இன்னொன்று, அந்த ஆய்வில் பிளாட்டினம் சேர்ந்த சிகிச்சை முடிந்து ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியவர்களைச் சேர்க்கவில்லை. அப்பாவுக்கு எட்டு மாதம் என்கிறீர்கள், ரேடியேஷனோடு சிஸ்பிளாட்டின் போட்டார்களா, கடைசி ஊசி எந்தத் தேதி என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். எந்த ட்ரயலுக்குப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

விலை. இந்தியாவில் இதைத் தவிர்த்துவிட்டு எதையும் பேச முடியாது. முழு அளவு இம்யூனோதெரபி பெரும்பாலான குடும்பங்களால் எட்டவே முடியாத ஒன்று, எட்டினாலும் இரண்டு ஊசியோடு நகையும் நிலமும் போய்விடுகிறது. இந்த இடத்தில் மும்பை டாடா நினைவு மருத்துவமனைக் குழு செய்த வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன். முதலில் 422 பேரிடம் ஒரு எளிய கேள்வி: மூன்று வாரத்துக்கு ஒரு சிஸ்பிளாட்டின் ஊசியா, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையோடு தினமும் செலிகாக்ஸிப் மாத்திரையா? செலிகாக்ஸிப் மூட்டுவலிக்குக் கொடுக்கிற மாத்திரைதான். 2020-ல் முடிவு: மாத்திரைப் பக்கம் 7.5 மாதம், ஊசிப் பக்கம் 6.1 மாதம், கடுமையான பக்கவிளைவும் மாத்திரைப் பக்கம் குறைவு. அப்புறம் எர்லோடினிப் மாத்திரையையும் சேர்த்து மூன்றாக்கி, அந்த மூன்றை ஒரு பக்கமும், மூன்றோடு நிவோலுமாப் இம்யூனோதெரபியை வெறும் 20 மில்லிகிராம் அளவில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மறுபக்கமும் வைத்து 151 பேரிடம் பார்த்தார்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். வாரக் கணக்கில் போட்டுப் பார்த்தால் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முதல் வருட முடிவில் உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை மட்டும் வாங்கியவர்களில் 16.3 சதவீதம், ஊசியும் சேர்த்தவர்களில் 43.4 சதவீதம். இடைநிலை 6.7 மாதம், 10.1 மாதம். கடுமையான பக்கவிளைவு கூடவில்லை.

இவ்வளவு குறைந்த அளவு எப்படி வேலை செய்யும் என்று கேட்பீர்கள். நிவோலுமாபின் ஆரம்ப கால ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம், அது பிடிக்க வேண்டிய ஏற்பிகளைப் பிடிப்பது கிலோவுக்கு 0.3 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராம் வரை பெரிதாக மாறவில்லை. 60 கிலோ ஆளுக்கு 20 மில்லிகிராம் என்பது அந்தக் கீழ்வரம்பை ஒட்டி வருகிறது. கீமோவில் அளவு கூடக் கூடச் செல்கள் அதிகம் சாகும், இங்கே அப்படி இல்லை, பூட்டு விழுந்தபின் மேலும் சாவி தேவையில்லை.

ஆனால் இந்த ஆய்வு எதைச் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குறைந்த அளவும் முழு அளவும் சமம் என்று அது காட்டவில்லை, முழு அளவு வாங்கிய பக்கமே அதில் கிடையாது. ஒரே மருத்துவமனையில் நடந்தது. எந்தப் பக்கம் என்பது டாக்டருக்கும் நோயாளிக்கும் தெரியும். 151 என்பது 96-ஐவிடப் பெரியதே தவிர, 730 அல்ல. முழு அளவு வாங்க முடியாதவருக்கு, ஒன்றுமே இல்லாமல் இருப்பதைவிட இது மேல் என்பதை நம்பிச் சொல்வேன். முழு அளவு வாங்க முடிந்தவரிடம் "அதே பலன், குறைந்த செலவு" என்று யாராவது சொன்னால், அது இன்னும் நிரூபணம் ஆகாத பேச்சு. 43 சதவீதம் என்றால் மீதி 57 பேர் ஒரு வருடத்துக்குள் போய்விட்டார்கள் என்பதையும் மறைக்க மனம் வரவில்லை. அதோடு, நான் மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலும் எழுந்து நடமாடி, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடிந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். அப்பா பகலில் பாதி நேரம் படுக்கையில் இருக்கிறார் என்றால் இந்த எண்கள் அவருக்குப் பொருந்தாது.

மருந்துகளின் பெயரைப் போலவே எந்த வரிசையில் கொடுக்கிறோம் என்பதும் முடிவை மாற்றுகிறது. பெம்ப்ரோலிசுமாபை ரேடியேஷன், சிஸ்பிளாட்டினோடு ஒரே நேரத்தில் கொடுத்த கீநோட்-412 தோற்றது, 804 பேர். அதே மருந்தை ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் கொடுத்த கீநோட்-689 ஜெயித்தது, 714 பேர், நோய் திரும்பாமல் இருந்த காலம் 30.4 மாதத்திலிருந்து 51.8 மாதம் ஆனது. கழுத்து நெறிக்கட்டிகளில்தான் எதிர்ப்புச் செல்கள் பயிற்சி எடுக்கின்றன, அங்கே ரேடியேஷன் வைத்துக்கொண்டு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவது பலிக்காது என்பது ஒரு விளக்கம். விளக்கம்தான், நிரூபணம் இல்லை. உங்கள் அப்பா இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார், ஆனால் இதைப் படிக்கும் வேறு யாராவது புதிதாகக் கண்டறியப்பட்ட நிலையில் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்கலாம் என்பதால் எழுதினேன்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். ட்ரயல் என்றதும் எல்லாரும் புது மருந்து என்ன என்றுதான் கேட்கிறார்கள். நான் என் வீட்டு ஆளுக்கு என்றால் முதலில் கேட்பது, "புது மருந்து கிடைக்காத பக்கத்தில் என்ன கொடுக்கிறீர்கள்?" என்று. அந்தப் பக்கத்தில், ட்ரயலே இல்லாவிட்டால் அப்பாவுக்கு என்ன கிடைக்குமோ அதற்குக் குறையாத சிகிச்சை இருந்தால், குலுக்கலில் அவர் எங்கே விழுந்தாலும் இழப்பு இல்லை. இருக்கிறதைவிடக் கீழான ஒன்றை அந்தப் பக்கம் வைத்திருந்தால், புது மருந்து எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் யோசிக்க வேண்டும். "ட்ரயலில் சேராவிட்டால் என்ன தருவீர்கள், அதற்கு எவ்வளவு ஆகும்?" என்பதையும் சேர்த்தே கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். இந்தக் கேள்வியைக் கேட்கும் குடும்பங்கள்தான் கடைசிவரை எங்களோடு தெளிவாகப் பேசுகிறார்கள் என்பது என் அனுபவம்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர், நெசவு வேலை, நாக்கில் நோய். குலுக்கலில் புது மருந்து விழவில்லை என்று தெரிந்ததும் மகன் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டான், மாற்றிக் கொடுங்கள் என்று. எங்களால் மாற்ற முடியாது, மாற்றினால் ஆய்வே செத்துப்போகும் என்று சொன்னபோது அவன் கேட்கும் நிலையில் இல்லை. அந்த ஆய்வு முடிந்தபோது இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை என்று வந்தது. அதற்குள் பெரியவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த முடிவை அந்தப் பையனுக்குப் போன் செய்து சொன்னேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது, ஆனால் அவனுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிங்க, சொன்னதுக்கு நன்றி" என்றான்.

சட்டப்படி உள்ள பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ட்ரயல்கள் அரசின் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் இருக்க வேண்டும், அதன் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். படிவத்தில் பதிவு எண் இல்லையென்றால் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. புது மருந்து, மருத்துவப் பரிசோதனை விதிகள் 2019-ல் வந்தவை, ட்ரயலால் பாதிப்பு என்றால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்று சொல்கின்றன. எது இலவசம், எது நம் செலவு, ஸ்கேனுக்கு யார் கொடுப்பது, பஸ் செலவு தருவார்களா என்பது ஒவ்வொரு ட்ரயலுக்கும் மாறும், படிவத்தில் எழுதியிருக்கும். படிவத்தை நிதானமாகப் படித்து யோசிக்கப் போதிய நேரம் எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. இங்கேயே இப்போதே கையெழுத்துப் போடுங்கள் என்று அவசரப்படுத்தினால் அது சரியில்லை.

எந்தப் பக்கம் விழுந்தாலும் மாத்திரை வீட்டில்தான் சாப்பிடப் போகிறார் என்றால் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் சாப்பிட்டுவிட்டால் ரத்த அணுக்கள் விழுந்து உயிருக்கே ஆபத்து, அந்தத் தவறு உலகம் முழுக்க நடக்கிறது. கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு, ஒரே ஆள் எடுத்துக் கொடுக்க வேண்டும். வாயில் புதிதாகப் புண், காய்ச்சல், மூச்சு வாங்குவது, ஒரு நாளைக்கு நாலைந்து தடவைக்கு மேல் வயிற்றுப்போக்கு, இதில் எது வந்தாலும் அடுத்த விசிட் வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். இம்யூனோதெரபியில் நுரையீரலும் குடலும் தைராய்டும் அழற்சி காண்பது உண்டு, சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் சரி செய்யலாம். வலி மாத்திரை, கஷாயம், சூரணம் எது சாப்பிட்டாலும் எங்களிடம் சொல்லிவிடுங்கள், யாரும் திட்ட மாட்டோம். மறைத்தால் பாதிப்பு எதனால் என்றே கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

கடைசியாக ஒன்று, உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னை உறுத்தியது: "அப்பாவுக்கு நோய் திரும்பியது இன்னும் தெரியாது, புண் ஆறவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறோம்." ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று புரிகிறது, பத்து வீட்டில் ஏழு வீட்டில் இதைப் பார்க்கிறேன். ஆனால் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியது அப்பா, நீங்கள் இல்லை. அவர் சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய நிலையில் இருக்கும்போது மகன் போட்ட கையெழுத்து செல்லாது. அதனால் ட்ரயலுக்கு "ஆம்" சொல்வதற்கு முன், அடுத்த விசிட்டில் டாக்டரிடம் தனியாகப் போய், அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று கேளுங்கள். நீங்களும் அறையில் இருக்கும்போது டாக்டரே சொல்லட்டும். அவர் எதை விரும்புகிறார், எத்தனை தடவை ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைய அவருக்கு மனசு இருக்கிறது என்பதை அவர் வாயால் கேட்டபிறகு, படிவத்தை எடுத்து இங்கே எழுதுங்கள், வரி வரியாகச் சேர்ந்து படிக்கலாம்.